சர்க்காரிடம் இல்லாத கால் கிலோ

அத்தியாயம் பதினொன்று

இருபத்தைந்து கிராம் சீயக்காய்த்தூள் எவ்வளவு இருக்கும்? ஒரு கைப்பிடிகூட வராது. உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும். இடுப்பு வரை கூந்தல் உள்ள பெண்ணுக்கு உச்சியில் ஆரம்பித்துக் காது மடலோடு தீர்ந்துபோகும். அந்த இருபத்தைந்து கிராம்தான் நாலு மாதமாக அடைக்கலம் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு தின்ன வைத்திருந்தது.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் முப்பது வருஷமாக 'முல்லைக்கொடி மார்க்' சீயக்காய்த்தூள் விற்கிறவர் அடைக்கலம். கால் கிலோப் பொட்டலம் நாற்பது நயாபைசா. மலையிலிருந்து வருகிற சீயக்காய் மூட்டை விலை ஏறியது. "நாப்பதுன்னா நாப்பதுதான். விலையத் தொட்டோம்னா வாடிக்கை எதிர்க்கடைக்குப் போயிரும்" என்றார் பெரியவர். "தொடாம இருந்தா கடையே போயிரும்" என்றான் மகன் திருப்பதி. அப்பனும் மகனும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள்.

வழி சொன்னவள் மருமகள் சொர்ணவல்லி. அவள் அதைப் பெரிய தந்திரம் என்று நினைத்துச் சொல்லவில்லை. திடீரென்று நாலு பேர் விருந்துக்கு வந்தால் குழம்புக்குத் தண்ணீர் விடுகிற பழக்கத்தில் சொன்னாள்.

"பொட்டலத்து ஒசரம் அப்படியே இருக்கட்டும்ங்க. அடிப்பேப்பரை உள்ளுக்குத் தள்ளி மடிச்சிருவோம். எரநூத்தி இருபத்தஞ்சுன்னு லேபிள்ல அந்தக் கொடிக்குள்ள சின்னதாப் போட்டுருவோம். பொய் சொன்னதாவும் ஆகாது."

திருப்பதி அன்றுதான் பெண்டாட்டியை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தான். பெரியவரிடம் இருவரும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஊரில் யார்தான் செய்யவில்லை? தீப்பெட்டியில் குச்சிகள் உருண்டு விளையாட இடம் கிடைத்திருந்தது. பீடிக்கட்டு நூலை இறுக்கிக் கட்டினால்தான் நின்றது. பஸ் ஸ்டாண்டு காப்பிக் கடையில் டம்ளரின் அடிக்கண்ணாடி வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டு வந்தது. எல்லாம் சத்தமில்லாமல் இளைத்தன. விலை மட்டும் நல்ல பிள்ளை மாதிரி வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. கடையின் பின்கட்டில் சொர்ணவல்லி தூள் நிறுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் குளத்தூர் வியாபாரிக்கு ஐந்நூறு பொட்டலம் லாரியில் ஏற வேண்டும். தராசின் ஒரு தட்டில் இருநூறு, இருபது, ஐந்து என்று மூன்று கற்கள். முன்பெல்லாம் இருநூறும் ஐம்பதுமாக இரண்டே கல் இருக்கும். அந்த ஐம்பது கிராம் கல்லை அவள் ஒரு காலி ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு மூடிவிட்டாள். கண்ணெதிரே கிடந்தால் என்னவோ கேட்கிறாற்போல இருந்தது.

சீயக்காய்த் தூளோடு பிழைக்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கண் எப்போதும் சிவந்திருக்கும், மூக்கு எப்போதும் ஒழுகும். ஏன் அழுதாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

பொட்டலம் ஒட்ட வருகிற செவந்தி அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். வந்தவள் பசைக் கிண்ணத்தைத் தொடாமல் நின்றாள்.

"அக்கா, சந்தையில புளிக்கார மூக்காயியப் பிடிச்சுக்கிட்டாங்க."

"யாரு பிடிச்சா?"

"எடைக்கல்லு இன்ஸ்பெக்டரு. கால் கிலோப் புளிய வாங்கித் தன் தராசுல வச்சுப் பாத்திருக்காரு. இருபத்தஞ்சு கிராம் கொறையுதாம்."

சொர்ணவல்லியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"கொறைச்சுப் போடுற ஆளில்லையே அவ. ஒரு பிடி கூடத்தானே போடுவா."

"அதான்க்கா. கல்லக் காட்டுன்னாரு. அவ துணியப் பிரிச்சுக் காட்டுனா." செவந்தி குரலைத் தாழ்த்தினாள். "நம்ம பொட்டலம்."

இதை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சர்க்கார் பழைய எடைகளான பலத்தையும் சேரையும் வீசையையும் ஒழித்துவிட்டுப் புதுக்கல் கொண்டுவந்தது. கிலோவுக்குக் கல் உண்டு, அரைக் கிலோவுக்கு உண்டு, இருநூறுக்கு உண்டு, நூறுக்கு உண்டு. கால் கிலோவுக்கென்று ஒரு கல் கிடையாது. இருநூறையும் ஐம்பதையும் சேர்த்துப் போட்டுக்கொள் என்பது மேலிடத்துக் கணக்கு. சந்தையில் வந்து நிற்கிறவர்களோ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கால் கிலோதான் கேட்கிறார்கள். ஐம்பது கிராம் கல் கொட்டைப்பாக்கைவிடச் சற்றே பெரிசு. புளிக்கூடைக்குள் ஒரு தடவை விழுந்தால் யாருடைய குழம்பில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

மூக்காயியின் கல்லும் அப்படித்தான் தொலைந்தது. அவள் யோசித்தாள். அடைக்கலம் கடைப் பொட்டலம் கால் கிலோ. ஊருக்கே தெரியும். முப்பது வருஷமாக ஒரு சிட்டிகை குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. பிரிக்காத பொட்டலம் ஒன்றைத் துணியில் வைத்துத் தைத்துத் தட்டில் போட்டாள். கிழிந்துபோனால் புதிது வாங்கிப் போட்டுக்கொள்வாள். பழசு அவள் தலைக்கு ஆயிற்று.

கடைசியாக அவள் புதிது வாங்கியது மூன்று மாதத்துக்கு முன்னால்.

"இப்ப என்ன சொல்றாரு அந்த ஆளு?"

"பொட்டலத்துல இருந்து தூளை எடுத்துட்டு ஒட்டியிருக்கேங்கிறாரு. லேபிளெல்லாம் புளிக்கறை, எழுத்து ஒண்ணும் தெரியல. தெரிஞ்சே செஞ்ச பொய்க்கல்லுன்னு கேஸ் எழுதுனா தராசும் போயிரும், சந்தையில எடமும் போயிரும். இருபது வருஷத்து எடம்க்கா அது."

சொர்ணவல்லி எழுந்தாள். முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டிருந்தன. சுவரைப் பிடித்து நின்று, கடை வாசல் பக்கம் போனாள்.

முன்கட்டில் திருப்பதி ஒரு வாடிக்கைக்காரருக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தான். அவர் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள். அவன் நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"அதுக்கு நாம என்ன பண்ணுறது?"

"நம்ம பொட்டலம்ங்க."

"நம்ம பொட்டலம் தலைக்குத் தேய்க்க. தராசுல வைக்கச் சொல்லி நாம சொன்னமா?"

"கால் கிலோன்னு நம்பித்தானே வச்சா."

"எரநூத்தி இருபத்தஞ்சுன்னு எழுதித்தானே இருக்கு."

"எங்க எழுதியிருக்கு? கொடிக்குள்ள, மூணாவது எலைக்கும் நாலாவது எலைக்கும் நடுவுல. நானே தேடித்தான் கண்டுபிடிக்கிறேன். எழுதச் சொன்னவளே நாந்தான்."

"அப்ப எழுதியிருக்குல்ல. விடு." நூல்கண்டைக் கொக்கியில் மாட்டினான். "வல்லி, நீ உள்ள போயி வேலையப் பாரு. குளத்தூர் லாரி வந்திரும்."

கடையின் மூலையில், கான்வாஸ் நாற்காலியில், அடைக்கலம் சாய்ந்து கிடந்தார். முழங்கால் வாதம் வந்ததிலிருந்து அதுதான் அவருக்கு இடம். ஒரு காலத்தில் கருப்பட்டியை உள்ளங்கையில் வாங்கி எடை சொல்கிறவர். கைத்தராசு என்றே பெயர். இப்போது தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காதவர் அல்ல. ஆனால் காது கேட்கிறவர் மாதிரியும் அவர் இருக்கவில்லை.

சொர்ணவல்லி திரும்பப் போகும்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

"சின்ன மொதலாளி, ஒரு பொட்டலம் குடுங்க."

மூக்காயி நின்றாள். வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்ததில் மூச்சு இரைத்தது. முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோடது பழசாயிருச்சுங்க. அங்கிட்டு இங்கிட்டு வச்சு எடுத்ததுல தூளு சிந்திப் போச்சு போல. எம்மேலதான் தப்பு. அந்தய்யா கேக்க மாட்டேங்குறாரு. புதுப் பொட்டலம் ஒண்ணு வாங்கியாந்து ஒங்க தராசுலயே வச்சுப் பாருங்க, கால் கிலோ சுத்தமா இருக்கும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தராசப் பிடிச்சு வச்சுக்கிட்டு அனுப்பியிருக்காரு."

 திருப்பதிக்குப் பின்னால் அலமாரியில் முல்லைக்கொடி மார்க் பொட்டலங்கள் கழுத்தளவுக்கு அடுக்கியிருந்தன.

"சரக்கு இல்ல."

மூக்காயி அலமாரியைப் பார்த்தாள்.

"அது குளத்தூருக்குக் கட்டுனது. சொல்லியாச்சு, தொட முடியாது. அடுத்த வாரம் வா."

"அடுத்த வாரம் வந்து நான் என்னங்க பண்ண?" அவள் மூலைப் பக்கம் திரும்பினாள். "பெரியய்யா, நீங்க சொல்லுங்க. ஒங்க கல்ல நம்பித்தான் நான் கடை போடுறேன்."

அடைக்கலம் தொண்டையைக் கனைத்தார். தெருவில் ஒரு மாட்டு வண்டி போனது. அது திருப்பம் தாண்டும்வரை பார்த்தார்.

"அவன்தான் கடையப் பாக்குறான்" என்றார்.

மூக்காயி படியிறங்கினாள். அவள் சந்து முனைக்கு வருவதற்குள் சொர்ணவல்லி பின்கட்டுக்கு ஓடிவிட்டாள்.

அலுத்துப்போன மூளைக்குச் சுருக்குவழிதான் முதலில் கண்ணில் படும். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தாள். ஐம்பது கிராம் கல் உருண்டு வந்தது. இருநூறோடு அதைச் சேர்த்துப் போட்டு, தூளை அள்ளித் தட்டி, முள் நடுவில் நிற்கும்வரை பார்த்தாள். பெட்டியின் அடியில் 'கால் கிலோ' என்று கொட்டை எழுத்துப் போட்ட பழைய லேபிள்கள் கொஞ்சம் கிடந்தன. ஒன்றை எடுத்து ஒட்டினாள். பசை காயுமுன்னே கொல்லைக் கதவைத் திறந்தாள். மூக்காயி எங்கே போவது என்று தெரியாமல் சந்து முனையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"மூக்காயி, இங்கிட்டு வா."

"ஆத்தா, நீங்களா."

"இந்தா. காசு வேணாம், போ. சீக்கிரம் போ."

மூக்காயி பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லாருக்கணும்த்தா. ஐயா கடைக் கல்லு என்னியக் கைவிடாதுன்னு தெரியும்."

அவள் போன பிறகு சொர்ணவல்லி கதவுக்கட்டையில் சாய்ந்து நின்றாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் தெரியவும் வேண்டாம்.

செவந்தி பசைக் குச்சியைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புதுப் பொட்டலம் கால் கிலோ இருக்கும்ல?"

"இருக்கும். நானே நிறுத்தேன்."

"அவளோட பழைய பொட்டலம் இருபத்தஞ்சு கொறையும்."

"ஆமா."

"அப்ப அந்த இருபத்தஞ்ச எடுத்தது யாருன்னு கேப்பாரே. ஒட்டுப் பிரியாத பொட்டலத்துல தூளு எங்கிட்டு ஓட்டையா சிந்தும்?"

சொர்ணவல்லி அவளையே பார்த்தாள். காப்பாற்றுகிறேன் என்று கட்டிக்கொடுத்தது சாட்சி. மூக்காயி திருடினாள் என்பதற்கான சாட்சி. அதை மூக்காயியே கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போகிறாள்.

இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உதறிக்கொண்டு முன்கட்டு வழியாகவே ஓடினாள். கட்டி வைத்திருந்த பொட்டலங்களில் ஒன்று இடது கையில். வலது கை மூடியபடி இருந்தது. அதற்குள் ஐம்பது கிராம் கல் இருப்பது அவளுக்கே நினைவில்லை.

"எங்க போறே?" திருப்பதி குறுக்கே வந்தான்.

"சந்தைக்கு."

"பைத்தியமா ஒனக்கு? நீ போயி நின்னா கடை பேரு என்னத்துக்கு ஆகும்?"

"எழுதித்தானே இருக்கு. அப்புறம் என்ன பயம் ஒங்களுக்கு?"

அவன் வழியை விட்டான். விட்டான் என்பதைவிட, அந்தப் பதிலுக்கு எதிரே நிற்க அவனுக்கு இடமில்லாமல் போயிற்று என்று சொல்லலாம். அடைக்கலம் நாற்காலியில் சற்று நிமிர்ந்தார். 

வெள்ளிக்கிழமை பெண்கள் தலை முழுகுகிற நாள். கீழ ராஜ வீதியிலிருந்து சந்தைப்பேட்டை வரை வழியெங்கும் ஈரத்தலைகள். நுனியில் முடிச்சுப் போட்ட கூந்தல், துண்டு சுற்றிய கொண்டை, வாசலில் நின்று உலர்த்துகிற முடி. மற்ற வெள்ளிக்கிழமைகளில் அதைப் பார்த்தால் அவளுக்குப் பெருமையாக இருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு தலையிலும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. இரண்டு பேர் சிரித்துக் கும்பிட்டார்கள். அவளுக்குச் சிரிக்க வரவில்லை.

சந்தை வாசலில் வேப்பமரத்தடியில் மடக்கு மேஜை. இன்ஸ்பெக்டர் மரியசெல்வம் ஒல்லியான மனிதர். காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்து சலித்துப்போன முகம். மேஜைமேல் பித்தளைத் தராசு. அதன் பக்கத்தில் இரண்டு பொட்டலங்கள். ஒன்று புதிது, ஒன்று கறுத்தது.

சொர்ணவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோது அவர் எழுதத் தொடங்கியிருந்தார்.

"பாத்தியாம்மா. புதுசு சரியா எரநூத்தி அம்பது. ஒன்னோடது எரநூத்தி இருபத்தஞ்சு. ஒட்டு முழுசா இருக்கு. எலி தின்னுச்சா, எறும்பு தின்னுச்சா? நீயே சொல்லு."

மூக்காயி அந்த இரண்டு பொட்டலங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னையே சந்தேகப்படுகிறவள் மாதிரி தன் விரல்களைப் பார்த்தாள்.

"சார்" என்றாள் சொர்ணவல்லி. "அந்தப் புதுப் பொட்டலம் நான் இப்பத்தான் கட்டுனது. இவளுக்காகக் கூடப் போட்டுக் கட்டுனது. அத வச்சு எழுதாதீங்க."

"நீங்க யாரும்மா?"

"அடைக்கலம் வீட்டு மருமக. பொட்டலம் கட்டுறவளே நாந்தான்." இடது கையில் இருந்ததை மேஜையில் வைத்தாள். "கடையில இருக்கறது இது. நிறுத்துப் பாருங்க."

அவர் நிறுத்தார். முள் நின்றது. இருநூற்று இருபத்தைந்து.

"அந்தக் கொடிக்குள்ள பாருங்க. மூணாவது எலைக்குப் பக்கத்துல."

மரியசெல்வம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு விரலில் எச்சில் தொட்டு மூக்காயியின் கறுத்த பொட்டலத்தில் அதே இடத்தைத் தேய்த்தார். புளிக்கறை கரைந்தது. எறும்பு வரிசைபோல மூன்று எண்கள் தெரிந்தன.

"எப்ப மாத்துனீங்க?"

"நாலு மாசமாச்சு."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லாம இருக்கத்தானே சின்னதாப் போட்டோம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரித்தவருக்கே அது சிரிப்பாக இல்லை போல, நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் எழுதியதை அடித்தார். "சரி. தூளை இந்தம்மா எடுக்கல. பொய்க்கல் கேஸ் இல்ல. எடமும் போகாது. ஆனா முத்திரை இல்லாத கல்லு வச்சது குத்தம்தான். அபராதம் கட்டித்தான் தராச வாங்கணும்."

"எங்க கடைக்கு?" என்றாள் சொர்ணவல்லி.

"ஒங்க கடைக்கு என்ன? எழுதியிருக்கீங்க. எழுதுனபடி எடை இருக்கு. ஒங்க மேல எழுத எனக்குச் சட்டத்துல எடமில்ல." அவர் குரலில் கோபம் இல்லை. இதே மாதிரி பத்து ஊரில் சொல்லிச் சலித்த குரல். "வேற யாருகிட்டயாவது இந்தப் பொட்டலக் கல்லு இருந்தா இப்பவே எடுத்துக் குடுத்துருங்க. கேஸ் போடல."

 மிளகாய் வற்றல் விற்கிறவள் கூடைக்குள் கைவிட்டு ஒரு துணிமுடிச்சை எடுத்தாள். அடுத்து பூண்டுக்காரி. அதற்கடுத்து கருவாடு விற்கிற இருளாண்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. மொத்தம் ஆறு. ஒருவர்கூட இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து சொர்ணவல்லியின் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். திட்டவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூக்காயி, அந்த அபராதத்த நான்…"

"வேணாம்த்தா. முத்திரை இல்லாத கல்லப் போட்டது நாந்தானே. நான் கட்டிக்கிறேன்."

தன்னுடைய கறுத்த பொட்டலத்தை எடுத்து மற்ற ஆறோடு வைத்தாள். ஏழாயிற்று.

அப்போதுதான் சொர்ணவல்லிக்கு வலது கை வலித்தது. விரித்தாள். உள்ளங்கையில் வட்டமாகத் தழும்பு விழுந்திருந்தது. நடுவில் ஐம்பது கிராம் கல்.

"இத நீ வச்சுக்க. சர்க்கார் முத்திரை இருக்கு. எரநூறோட சேத்துப் போட்டீன்னா கால் கிலோ."

மூக்காயி கல்லை வாங்கினாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள்.  பிறகு மெதுவாக மேஜைப் பக்கம் திரும்பி அதை நீட்டினாள்.

"ஐயா, இத ஒருதடவ நிறுத்துப் பாத்துச் சொல்லுங்க."

மரியசெல்வம் நிறுத்தார். சரியாகத்தான் இருந்தது. அதைக் கேட்கச் சொர்ணவல்லி அங்கே நிற்கவில்லை.

வழியில் எங்கெங்கோ உட்கார்ந்து எழுந்து அவள் வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஏழு பொட்டலத்தையும் முந்தானையில் கட்டியிருந்தாள். கால் எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைக்கிற அளவுக்கு அசதி. கடை வாசலில் குளத்தூர் லாரி நின்றது.

அடைக்கலம் நாற்காலியிலிருந்து கையை நீட்டினார். அவள் முந்தானையை அவிழ்த்தாள். அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார்.

"எரநூத்தி இருபத்தஞ்சு." அடுத்ததை எடுத்தார். "இதுவும் அதுதான். இது மூக்காயியோடதா? புளி ஒட்டிக்கிட்டு ரெண்டு கிராம் கூட இருக்கு."

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. செவந்தி அடுக்கும்போது ஒண்ண எடுத்தேன். கை சொல்லிருச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டா இந்த வேலைய நிறுத்தச் சொல்லணும். நிறுத்துனா விலைய ஏத்தணும். கேக்காம இருந்துட்டா ரெண்டும் வேணாம்." அவர் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "பண்ணுனது நீதானேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்த்தா."

திருப்பதி கையைப் பிசைந்துகொண்டு வந்தான். சந்தையில் நடந்தது அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

"முன்னூறுதான் கட்டியிருக்கு. மிச்சம் எரநூறும் கட்டணும், லாரிக்காரன் அரை மணி நேரம்தான் நிப்பேங்குறான். எந்தக் கல்லுல கட்டுறது?"

அவன் அவளைப் பார்த்துத்தான் கேட்டான். நாலு மாதமாக அந்தக் கேள்விக்கு அவள்தான் பதில்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் சொர்ணவல்லி. "தூளை அள்ளச் சொல்லுங்க, அள்ளுறேன். மடிக்கச் சொல்லுங்க, மடிக்கிறேன். இனிமே கல்லு மட்டும் நான் எடுத்து வைக்க மாட்டேன். மொத நாளே தெரிஞ்சவங்க வைக்கட்டும்."

 நாற்காலி முனகியது. அடைக்கலம் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்கட்டுக்கு நடந்தார். முழங்கால் வாதம் வந்து மூன்று வருஷத்தில் அவர் அந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை. தராசின் முன்னால் மெல்ல உட்கார்ந்து, தட்டில் கிடந்த இருபதையும் ஐந்தையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இருநூறு மட்டும் தனியாக நின்றது.

"அம்பது எங்கத்தா?"

"மூக்காயிகிட்ட."

அவர் தலையை ஆட்டினார். கல்பெட்டியில் இன்னொரு இருபதும் ஒரு பத்தும் கிடந்தன. கையிலிருக்கிற ஐந்தைக் கீழே போட்டுவிட்டு அந்த இரண்டையும் சேர்த்தால் கால் கிலோ வந்துவிடும். கையிலிருக்கிறதை அப்படியே திரும்ப வைத்தால் பழையபடி லாரி கிளம்பிவிடும்.

வெளியே லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.

சொர்ணவல்லி கரண்டி நிறையத் தூளை அள்ளி எதிர்த்தட்டின் மேல் பிடித்தாள்.  கொட்டவில்லை. மாமனார் எந்தக் கல்லை வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.